மூன்றாவது ஓலை

ரோஸ்மேரி பொய் சொல்லமாட்டாள். இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். ஏனென்றால் ஐம்பத்தொன்றாம் வருஷம் வைகாசியில் மூன்று வாரம் அவளைப் பொய்க்காரி, துரோகி, இன்னும் வாயில் வந்த என்னென்னவோ சொல்லி மனசுக்குள் திட்டிக்கொண்டேதான் அவளுக்குச் சோறு போட்டேன். அவள் பொய் சொல்லமாட்டாளே தவிர, சொல்லாமல் இருப்பாள். அது பொய்யைவிட மோசம். பொய் சொல்கிறவளை நாலு கேள்வி கேட்டு மடக்கிவிடலாம். வாயை மூடிக்கொண்டு முருங்கைக்கீரை ஆய்கிறவளை என்ன செய்வது?

எனக்குச் சந்தேகம் பிறவிக் குணம். மீன்காரி செவுளைத் தூக்கிக் காட்டினால், சாயம் கீயம் பூசியிருக்கிறாளா என்று விரலால் தேய்த்துப் பார்ப்பேன். நான் பார்த்த வேலையும் அப்படி. துறைமுகத்துக் கிடங்கில் சாக்கு தைக்கிற வேலை. அமெரிக்காவிலிருந்து கோதுமையும் மைலோ சோளமும் கப்பல் கப்பலாக வந்து இறங்கிய காலம் அது. கூலிக்காரர்கள் கொக்கி போட்டு இழுக்கிற இழுப்பில் மூட்டை கிழியும். கிழிசலைக் கோணி ஊசியால் தைக்க நாங்கள் பன்னிரண்டு பெண்கள். வேலை முடிந்து வாசலைத் தாண்டும்போது மேஸ்திரி மங்கம்மா எங்கள் முந்தானையை உதறி, கொண்டையை அவிழ்த்துத் தானியம் ஒளித்திருக்கிறோமா என்று பார்ப்பாள். தினமும் பார்ப்பாள். தினமும் சந்தேகப்படுகிறவர்கள் நடுவில் இருந்தால் நமக்கும் அது தொற்றிக்கொள்ளத்தான் செய்யும்.

ரோஸ்மேரி பிரசவ ஆஸ்பத்திரியில் நர்சு. திருநெல்வேலிச் சீமைக் கிறிஸ்தவக் குடும்பம். அண்ணன் வெள்ளத்துரைக்கு வண்ணாரப்பேட்டையில் கருப்பட்டியும் வத்தலும் மொத்தமாக விற்கிற கடை. எங்கள் அப்பாவும் அந்தப் பக்கத்துக்காரர்தான், சாதியும் ஒன்றுதான். ஆனால் நாங்கள் சாமி கும்பிடுகிறவர்கள், அவர்கள் வேதக்காரர்கள். நான் பிறந்தது வளர்ந்தது தண்டையார்பேட்டை, அதனால் என் வாயில் வருவது பட்டணத்துப் பேச்சு. ரோசு வாயைத் திறந்தால் தாமிரபரணி ஓடும். ஒன்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அவள் பேச்சு எனக்கு ஒட்டவில்லை, என் பேச்சு அவளுக்கு ஒட்டவில்லை.

நாங்கள் பழகியதே ஜப்பான்காரன் புண்ணியம். நாற்பத்திரண்டாம் வருஷம் சித்திரையில் குண்டு போடப்போகிறான் என்று ஊரே காலி ஆனது. உயிர்க் காலேஜ் என்கிற மிருகக்காட்சிசாலையில் சிங்கத்தையும் புலியையும் சுட்டுவிட்டார்கள் என்று கேட்டதும் மிச்சம் இருந்தவர்களும் மூட்டையைக் கட்டினார்கள். என் புருஷன் ராமசுப்பு அதற்கு ரெண்டு வருஷம் முன்பே விஷக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்தவர். மாமியார் வீட்டுக்காரர்கள் எல்லாரும் ரயில் ஏறினார்கள். பித்தளைப் பாத்திரத்துக்குக் காவலாக என்னை விட்டுவிட்டுப் போனார்கள். பாத்திரம் போனால் வராதே, மருமகள் போனால் என்ன?

தெருவில் விளக்கு எரிந்த ரெண்டாவது வீடு ரோசுவுடையது. ஊர் ஓடினாலும் பிள்ளைத்தாச்சிகள் எல்லாருமா ஓட முடியும்? அதனால் ஆஸ்பத்திரியில் அவளுக்கு லீவு கிடையாது. முதல் நாள் நெருப்பு கேட்டு வந்தாள். இரண்டாம் நாள் என் வீட்டிலேயே சமைத்துத் தின்றோம். மூன்றாம் வாரம் ஒரே பாயில் படுத்தபடி நான் அவளிடம் கேட்டேன், "ஊரு திரும்பி வந்தா நாம இன்னா பண்றது ரோசு?" என்று. "வந்தா வரட்டும், நாம எதுக்கு எந்திரிக்கணும்?" என்றாள். ஊரெல்லாம் குண்டு விழக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தது. நான் ஊர் திரும்பக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன். வெட்கம் கெட்டவள் என்று சொல்லுங்கள், எனக்குக் கவலை இல்லை.

ஊர் திரும்பியது. நாங்கள் ராயபுரத்தில் காத்தூன் பீவி வீட்டின் பின்கட்டுக்குக் குடி வந்தோம். ஒரு அறை, சார்ப்பு இறக்கிய சமையல்கட்டு, கிணற்றடி. அக்கா தங்கை என்று சொன்னோம். ரேஷன் கார்டிலும் அப்படித்தான்: குடும்பத் தலைவி ரோஸ்மேரி, தங்கை சிவந்தி. அக்கா ஏசுவையும் தங்கை முருகனையும் கும்பிடுவது எப்படி என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்கு உறுத்தும். காத்தூன் பீவி முன்கட்டிலிருந்து வெற்றிலையை மடித்துக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று ஒன்பது வருஷம் யோசித்தேன்.

மற்றபடி எல்லாக் குடும்பமும் போலத்தான். அவள் வெள்ளைப் புடவைக்கு நீலம் போட்டுக் கஞ்சி தோய்ப்பது என் வேலை. அவள் கறி ஆக்கினால் தேங்காயை அரைத்துக் கொட்டுவாள், நான் புளியைக் கரைத்து ஊற்றுவேன், இதற்காக வாரம் ஒரு சண்டை. சணல் சிலும்பு என் விரலில் ஏறிச் சீழ் பிடிக்கும். சாயங்காலம் அவள் என்னை வாசல் வெளிச்சத்தில் உட்காரவைத்து, ஆஸ்பத்திரி இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்குவாள். "அசையாதட்டி, பச்சப்பிள்ளயவிட மோசமா இருக்க" என்று திட்டிக்கொண்டே பிடுங்குவாள். எடுத்து முடித்ததும் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் விடமாட்டாள்.

இப்படி இருந்த வீட்டில்தான் வைகாசி மாசம் சண்டை நின்றுபோனது.

முதலில் நான் அதைத்தான் கவனித்தேன். நெத்திலிக் குழம்பில் உப்பு ரெண்டு தடவை போட்டுவிட்டேன். வேறு நாளாக இருந்தால் கிண்ணம் பறந்திருக்கும். ரோசு பேசாமல் தின்றாள், தண்ணீர் குடித்தாள், எழுந்து போனாள். அடப்பாவி என்று அப்படியே உட்கார்ந்திருந்தேன். சண்டை போடுகிறவள் சண்டையை நிறுத்தினால் வேறு எங்கேயோ கணக்குப் போடுகிறாள் என்று அர்த்தம்.

அதற்கு ரெண்டு நாள் முன்னால் வெள்ளத்துரை வந்திருந்தான் என்று கிணற்றடியில் பேச்சுவாக்கில் தெரிந்தது. மூன்று வருஷமாக எட்டிப் பார்க்காத அண்ணன், நான் கிடங்கில் இருந்த நேரம் பார்த்து வந்திருக்கிறான்.

"இன்னாத்துக்கு வந்தாராம் உங்க அண்ணாத்தே?" என்று கேட்டேன்.

"சும்மாதான்."

"மூணு வர்சமா சும்மா வராத ஆளு இப்ப சும்மா வந்துக்கினாரா?"

"கருப்பட்டி மிட்டாய் கொண்டாந்தான். அந்தா டப்பாவுல இருக்கு, தின்னு" என்றாள்.

மிட்டாய் இருந்தது. நான் தின்னவில்லை. பிறகு பார்த்தேன், அவள் தகரப் பெட்டிக்குப் பூட்டு போட்டிருந்தாள். ஒன்பது வருஷமாக அந்தப் பெட்டிக்குப் பூட்டு கிடையாது. என் ரவிக்கைத் துணியும் அதில்தான் கிடக்கும். நெருப்பில்லாமல் புகையுமா? கேட்டால், "பாச்சை வருது, துணிய அரிக்கு" என்றாளே பார்க்கலாம். இது பொய் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். பாச்சையும் வந்தது. ஆனால் பாச்சைக்குப் பூட்டு போட்ட வீட்டை நான் பார்த்ததில்லை.

அடுத்த ஞாயிறு கோயிலிலிருந்து வந்தாள். அவர்கள் தேவாலயத்தைக் கோயில் என்றும், அங்கே ஆராதனை நடத்துகிற பாதிரியாரை ஐயர் என்றும் சொல்வார்கள். முன்பெல்லாம் வந்ததும் வராததுமாக யார் என்ன புடவை, ஐயர் பிரசங்கத்தில் யார் தூங்கினார்கள் என்று மூச்சுவிடாமல் சொல்லுவாள். அன்று நேரே வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். காய்ச்சலா என்று நெற்றியில் கை வைத்தேன். கையை எடுத்துவிட்டாள். நான் மாடிப்படி இல்லாத வீட்டில் மாடியிலிருந்து விழுந்தவளைப் போல உட்கார்ந்துவிட்டேன்.

வேறு ஆள் யார் என்றுதான் முதலில் மனசில் ஓடியது. ஆஸ்பத்திரி கம்பவுண்டரா? டிராமில் கூடவே வருகிற அந்தக் கண்ணாடிக்காரனா? ஒரு நாள் வேலைக்கு மட்டம் போட்டு, அவள் வீடு திரும்பும் வழியில் மரத்தடியில் நின்று பார்த்தேன். அவள் தனியாகத்தான் வந்தாள். காய்கறிக்காரியிடம் பேரம் பேசினாள், எனக்குப் பிடித்த சின்னக் கத்திரிக்காயாகப் பொறுக்கினாள். அதைப் பார்த்ததும் மனசு இளகவேண்டும் அல்லவா? எனக்கு இளகவில்லை. குற்றம் செய்கிறவள்தான் இப்படிப் பார்த்துப் பார்த்து வாங்குவாள் என்று தோன்றியது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

விஷயத்தை உடைத்தவர் காத்தூன் பீவி. மூன்றாவது வாரம் சனிக்கிழமை காலையில் கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தேன். வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்து நின்றார்.

"இன்னாம்மா சிவந்தி, வூட்ல விசேசம் கீது, நம்ம கையில ஒரு வார்த்தை சொல்லல?"

"இன்னா விசேசம்?"

"உங்க அக்காளுக்குக் கல்யாணமாமே. நம்ம மருமவன் மஜீது சொல்லிச்சு. அது வெள்ளத்துரை கடைக்குத்தானே வண்டி ஓட்டுது? மாப்பிள்ளை தூத்துக்குடி, ரெண்டாந்தாரம், ரெண்டு புள்ளைங்க. ரெண்டு ஓலை வாசிச்சாச்சாம். நாளிக்கு மூணாவதாம்."

கையிலிருந்த துணி கிணற்றடிச் சாக்கடையில் போனது. ஓலை என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். ரோசுவே சொல்லியிருக்கிறாள். வேதக்காரர்கள் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஐயர் பெண் பெயரையும் பிள்ளை பெயரையும் சபை முன்னால் வாசிப்பார். இந்தக் கல்யாணத்துக்கு யாருக்காவது தடை தெரிந்தால் எழுந்து சொல்லலாம். மூன்று ஓலையும் தடை இல்லாமல் தாண்டிவிட்டால் தாலி கட்டவேண்டியதுதான் பாக்கி. ஆக, இரண்டு ஞாயிறு ரோசு அங்கே உட்கார்ந்து தன் பெயரைக் கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டு வந்து என் கையால் கறிச்சோறு தின்றிருக்கிறாள்.

"உனக்குத் தெரியாதா?" என்றார் காத்தூன் பீவி. அதே பார்வை.

"தெரியுமே, ஏன் தெரியாம? நாந்தான் யாருக்கும் சொல்லாதன்னேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். வந்ததும் சாக்கு தைக்கிற ஊசியை எடுத்துப் பெட்டிப் பூட்டின் கண்ணில் விட்டு ஒரு திருகு. உள்ளே சந்தன நிறத்தில் ஒரு பட்டுப்புடவை. மடிப்பு கலைந்திருந்தது. ஒரு முறையாவது பிரித்துப் பார்த்த மடிப்பு அது. எனக்குத் துணி மடிப்பு தெரியும். நான் அந்தப் புடவையை முகத்தில் வைத்துக்கொண்டு கத்தினேன். சத்தம் வெளியே போகாமல் பட்டு அடைத்துக்கொண்டது.

புத்தி இருந்தால் அவள் வரும்வரை காத்திருந்து கேட்டிருப்பேன். எனக்கு அது ஏது? நேரே வண்ணாரப்பேட்டைக்கு நடந்தேன். வெள்ளத்துரை கடையில் வத்தல் மூட்டைக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். வெள்ளை வேட்டி, கழுத்தில் கர்ச்சீப், மரியாதையான ஆள்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான்.

"வா பிள்ள. என்ன சோலியா வந்த?"

"உன் தங்கச்சிய எங்கியோ தள்ளிவுடப் பாக்கறியாமே?"

"தள்ளி விடல, கெட்டிக் குடுக்கேன். அவளுக்கு முப்பத்தொண்ணு ஆவுது. ஞானாபரணம் நல்ல மனுசன். பொண்டாட்டி செத்து ஒரு வருசமாச்சு. இவ இப்படியே வெள்ளச் சேலய உடுத்திக்கிட்டு மத்தவ பிள்ளயத் தூக்கிட்டே இருக்கவா?"

"அவ ஒத்துக்கினாளா?"

"ஒத்துக்கிடாமலா ரெண்டு ஓலைக்கும் வாயத் திறக்காம இருந்தா?"

அங்கே நான் நிறுத்தியிருக்கவேண்டும். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கடை நடுவில் நின்று சொன்னேன், "அவ எங்கியும் வரமாட்டா. ஒம்பது வர்சமா அவளும் நானும் புருசன் பொண்டாட்டி மாரி வாழ்ந்துகினு கீறோம். நீ இன்னா பண்ணுவ? பண்ணு பாக்கலாம்."

வெள்ளத்துரை முகத்தில் இருந்த ரத்தம் இறங்கியது. தராசுத் தட்டில் இருந்த வத்தலை எடுத்து மூட்டையில் கொட்டினான். பிறகு மெதுவாகப் பேசினான். கத்தியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"நான் ஊரு என்ன பேசுமோன்னு பயந்துட்டு இருந்தேன். அப்படி எல்லாம் இருக்காதுன்னு எனக்கு நானே சொல்லிட்டு இருந்தேன். இப்ப நீயே வந்து சொல்லிட்ட. கேட்டுக்க பிள்ள. நாளைக்கு மூணாவது ஓலை. அது நல்லபடியா தாண்டிட்டா நீ இங்க சொன்னது இந்தக் கடையோட போவும். இல்லன்னா, திங்கக்கிழம காலையில நான் ஆஸ்பத்திரி மேட்ரன் அம்மாவப் பாத்து, நீ சொன்ன வார்த்தய அப்படியே சொல்லுவேன். பொறவு அவ எந்தப் பிள்ளயத் தொட்டுத் தூக்குவான்னு பாப்போம்."

வந்த வழியே திரும்பி நடந்தேன். அவளைக் காப்பாற்றப் போய் அவள் கழுத்துக்குக் கத்தியை நானே தீட்டிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அதுவரை அவன் கையில் ஒன்றும் இல்லை. வெறும் சந்தேகம்தான் இருந்தது. சந்தேகத்தை எப்படிச் சாட்சியாக்குவது என்று நான் கற்றுக்கொடுத்துவிட்டேன்.

சாயங்காலம் ரோசு வந்தாள். உடைந்த பூட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் அழுது எல்லாவற்றையும் கொட்டிவிடுவேன். அவள் பூட்டைக் கழற்றி மாடத்தில் வைத்துவிட்டு, "கையக் காட்டு" என்றாள். ஊசி திருகியதில் உள்ளங்கை கிழிந்திருந்தது. டிஞ்சர் போட்டாள். எரிந்தது. கடைக்குப் போனதை நான் சொல்லவில்லை, ஓலையைப் பற்றி அவள் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒரே அறையில் ஆளுக்கொரு பெட்டியைப் பூட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

காலையில் அவள் கிளம்பிப் போனாள். கஞ்சி போட்ட வெள்ளைப் புடவைதான், பட்டு இல்லை. அது எனக்கு ஆறுதலாக இருக்கவேண்டும், ஆனால் தாலி கட்டும்போது கட்டுவதற்குப் பத்திரப்படுத்துகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அடுப்பை அணைத்தேன். ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கு அரைத்த மசாலை அம்மியிலேயே விட்டுவிட்டு, தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனேன்.

அந்தக் கோயிலுக்குள் நான் அதற்கு முன் கால் வைத்ததில்லை. ஆண்கள் ஒரு பக்கம் பெஞ்சில், பெண்கள் ஒரு பக்கம் பாயில். நான் கடைசிப் பாயில், தூணுக்குப் பின்னால், கைப்பிள்ளைக்காரிகளோடு உட்கார்ந்தேன். ரோசு முன்னால் எங்கேயோ. எல்லாத் தலையும் வெள்ளை முந்தானையாகத் தெரிந்ததில் எது அவள் என்று எனக்குப் புரியவில்லை. வெள்ளத்துரை முதல் பெஞ்சில். அவன் அருகில் நரைத்த மீசையோடு புதுச்சட்டை போட்ட ஒருவர். ஞானாபரணமாகத்தான் இருக்கும். பாவம், நல்ல முகம். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். எழுந்து, "இவளுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆச்சு" என்று சொல்லிவிடுவது. யாரோடு என்று கேட்டால்? மானம் போகட்டும், என்னோடு என்று சொல்லிவிடுவது. அவளுக்கு வேலை போகும், வீடு போகும், என் முகத்தில் அவள் முழிக்கவே மாட்டாள். ஆனால் தூத்துக்குடிக்குப் போகமாட்டாள். பார்த்தீர்களா, அந்த நிமிஷத்திலும் நான் அவளை நினைக்கவில்லை. என்னைத்தான் நினைத்தேன்.

பாட்டு முடிந்தது. ஐயர் ஒரு காகிதத்தை எடுத்தார்.

"தூத்துக்குடி சபையைச் சேர்ந்த, மனைவியை இழந்த ஞானாபரணம் என்பவருக்கும், இந்தச் சபையைச் சேர்ந்த கன்னிகை ரோஸ்மேரி என்பவருக்கும் விவாகம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது. இவர்களை இணைக்கக் கூடாதபடி நியாயமான தடை ஏதாவது யாருக்காவது தெரிந்திருந்தால் இப்பொழுதே சொல்லவேண்டும். இது மூன்றாம் ஓலை."

கன்னிகை! எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. தூணைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தேன். வாயைத் திறந்தேன்.

"தடை இருக்கு, ஐயரய்யா."

குரல் என்னுடையது இல்லை. முன்வரிசைக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் புடவை எழுந்து நின்றது. கோயில் முழுதும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்துக்கொண்டது. பெண்ணே எழுந்து தன் ஓலைக்குத் தடை சொல்வதை அந்தச் சபை அதற்கு முன் கேட்டிருக்காது.

"நீயாம்மா?" என்றார் ஐயர். "என்ன தடை?"

"எனக்குச் சம்மதம் இல்ல. எனக்குக் குடும்பம் இருக்கு. ஒம்பது வருசமா இருக்கு. அத விட்டுட்டு நான் வரமாட்டேன்."

வெள்ளத்துரை துள்ளி எழுந்தான். "ஐயா, அவ புத்தி கெட்டுப் பேசுதா..."

"உக்காரும் வெள்ளத்துரை. பெண்ணுக்குச் சம்மதம்னு நீர்தானே எனக்கு எழுதிக் கொடுத்தீரு?"

ஆண்கள் பக்கமிருந்து ஒரு குரல், "குடும்பம்னா யாரோட? புருசன் பேரச் சொல்லச் சொல்லுங்க" என்றது. ஐயர் ரோசுவைப் பார்த்தார். ரோசு திரும்பி அந்தக் குரல் வந்த பக்கம் பார்த்தாள். "அதக் கேக்க வேண்டியவர் மேல ஒருத்தர் இருக்காரு. அவரு கேக்கும்போது சொல்லிக்கிடுதேன்" என்றாள். ஐயர் காகிதத்தை நாலாக மடித்து அங்கிப் பைக்குள் வைத்தார். "இந்த ஓலை நிற்கிறது. பாட்டுப் பாடுவோம்" என்றார்.

நான் இன்னும் பாதி எழுந்த நிலையில்தான் தூணைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்திலிருந்த கைப்பிள்ளைக்காரி என் முந்தானையை இழுத்து, "காலு மரத்துப் போச்சாக்கா? மெள்ள உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன். ஜனங்கள் எழுவதற்குள் வெளியே வந்து கேட்டருகில் நின்றுகொண்டேன்.

அதன் பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெள்ளத்துரை சொன்னது போலவே திங்கட்கிழமை போனான். மேட்ரன் அம்மா ரோசுவைக் கூப்பிட்டு, வீட்டில் யார் என்று கேட்டார்கள். சிவந்தி என்றாள். சிவந்தி யார் என்று கேட்டார்கள். தங்கை என்று சொல்லியிருந்தால் தப்பித்திருப்பாள். ரேஷன் கார்டே சாட்சி. "சிவந்தி, சிவந்திதான்" என்றாளாம். அந்த மாசத்தோடு வேலை போனது. காத்தூன் பீவி எங்களைப் போகச் சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை. நாங்களாகவே எண்ணூருக்குப் போனோம். ரோசு வீட்டுப் பிரசவம் பார்க்க ஆரம்பித்தாள். சடையங்குப்பத்துக்கு முழங்கால் தண்ணீரில் நடந்து போவாள், காட்டுப்பள்ளிக்குப் படகில் போவாள். வெள்ளைப் புடவையைப் பிறகு அவள் கட்டவே இல்லை, அந்த வருத்தம் அவளுக்கு எப்போதும் இருந்தது. அதற்குக் காரணம் என் வாய். அதை அவள் ஒரு நாளும் சொல்லிக்காட்டவில்லை.

அந்த ஞாயிறு கேட்டருகில் என்னைப் பார்த்ததும் ரோசு வந்து சேர்ந்துகொண்டாள். டிராம் ரோட்டில் நடந்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது. நான்தான் தாங்கமுடியாமல் ஆரம்பித்தேன்.

"ரோசு, நேத்து நான் உங்க அண்ணாத்த கடைக்குப் போயிருந்தேன். வாய வுட்டுட்டேன்."

"தெரியும். நேத்து மத்தியானமே ஆஸ்பத்திரி வாசல்ல வந்து சொன்னான். வேலை போவும்னான்."

"தெரிஞ்சுமா இன்னிக்கு எழுந்த?"

அவள் நடையை எட்டிப் போட்டாள். கொஞ்ச தூரம் போனதும் நான் அழுதுகொண்டே சொன்னேன், "நான் உன்னை நம்பியிருக்கணும். மூணு வாரமா உன்னைத் திருடி மாரி பாத்துக்கினு கீறேன். தப்பு என்மேலதான்."

"தப்பில்ல" என்றாள் ரோசு. ரோட்டைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். "நீ சந்தேகப்பட்டது சரிதான். மொத ஓலை வாசிச்சப்ப, அண்ணன் இப்படிச் செஞ்சிட்டானேன்னு வாயடைச்சுப் போயிருந்தேன்னு வச்சுக்க. ரெண்டாவது ஓலைக்கு என்ன சொல்ல? அப்ப நான் யோசிச்சேன். ரெண்டு பிள்ளைய, ஒரு வீடு, யாருகிட்டயும் ஒளிக்க வேண்டாத வாழ்க்க. அண்ணன் குடுத்த அந்தச் சேலய உடுத்திக் கண்ணாடியில பாத்தேன், சிவந்தி. நல்லாத்தான் இருந்துச்சு."

எனக்கு அவளை அறையவேண்டும் போல இருந்தது. அவளைக் கட்டிக்கொள்ளவேண்டும் போலவும் இருந்தது. நடு ரோட்டில் ரெண்டும் முடியாது. நடந்தேன். ஆனாலும் என் புத்தி எங்கே போகும்? பத்தடி போவதற்குள் அது அடுத்த ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டது.

"ஒண்ணு கேக்கறேன், நெஜத்தச் சொல்லு. பின்னால நான் குந்திக்கினு இருந்ததப் பாத்துட்டுத்தானே எழுந்த?"

"எங்க பின்னால?"

"கடைசி பாயில. தூணாண்ட."

ரோசு நின்றுவிட்டாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீ உள்ளயா இருந்த? நீ இப்பந்தான் வீட்டுலேர்ந்து வந்து வாசல் கேட்டுப் பக்கத்துல நிக்கன்னுல்லா நான் நினைச்சேன்."

அவள் பொய் சொல்லமாட்டாள். நான் உள்ளே இருப்பது தெரியாமல், வேலை போகும் என்பது தெரிந்து, யாருக்கும் காட்டுவதற்காக இல்லாமல் எழுந்து நின்றிருக்கிறாள். நான் தண்டவாளத்தின் மேலேயே நின்று, மூக்கும் கண்ணும் ஒன்றாக ஒழுக, பச்சைப்பிள்ளையாக அழுதேன். எதிரே டிராம் வந்து நின்றது. டிரைவர் காலால் மணியை அடித்துக்கொண்டே இருந்தான். ஜன்னலில் எட்டிப் பார்த்த ஜனங்கள் என்னென்னவோ சொன்னார்கள்.

"ஏட்டி, தண்டவாளத்துல நின்னா அழுவ? ஓரமா வந்து அழு" என்று ரோசு என் கையைப் பிடித்து இழுத்தாள்.